இறுதிக் காட்சியில் வந்த அந்த நடிகர் யார்?

கேள்வி (கொழிஞ்சாம்பாறை):
அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் வாசகசாலையில் சென்ற ஞாயிறன்று டேவிட் லிஞ்ச் இயக்கிய ‘தி ஸ்ட்ரெயிட் ஸ்டோரி’ (1999) திரையிடப்பட்டது. பத்தாண்டுகளாக முகம் கொடுத்துப் பேசாத உடன்பிறந்தவரைப் பார்க்க, ஒரு முதியவர் புல்வெட்டும் வண்டியிலேயே அயோவாவிலிருந்து விஸ்கான்சின் வரை போகிறார். கடைசியில் வாக்கரைப் பிடித்தபடி வெளியே வரும் அந்த உடன்பிறந்தவர், வாசலில் நிற்கும் வண்டியைப் பார்க்கிறார், இதிலா இவ்வளவு தூரம் வந்தாய் என்று கேட்கிறார், கண்கள் நிறைந்துவிடுகின்றன. அந்த நடிகர் யார்? இவ்வளவு ஆற்றல் உள்ளவர் ஏன் சிறு வேடங்களிலேயே நின்றுவிட்டார்?

பதில் 1 (சித்தூர்):
அவர் ஹாரி டீன் ஸ்டான்டன். 1926இல் கென்டக்கியில் பிறந்து, இரண்டாம் உலகப் போரில் கடற்படைக் கப்பலில் சமையற்காரராகப் பணியாற்றி, பின்னர் பாசடினா நாடகப் பள்ளியில் பயின்று, 1950களில் திரைக்கு வந்தவர். ‘கன்ஸ்மோக்’ போன்ற கௌபாய்த் தொலைக்காட்சித் தொடர்களில் ஒவ்வொரு முறையும் வேறொரு ஆளாக வந்து போனார். ‘ஏலியன்’ (1979) படத்தில், பூனையைத் தேடிப் போனவர் மேலிருந்து சொட்டும் நீருக்கு முகத்தை நிமிர்த்திக் கொடுக்கும் அந்தச் சில நொடிகளில், வேலை செய்து களைத்த ஒரு தொழிலாளியை முழுமையாகக் காட்டிவிடுகிறார்.

‘நின்றுவிட்டார்’ என்ற சொல்லை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. விம் வெண்டர்ஸின் ‘பாரிஸ், டெக்சாஸ்’ (1984) படத்தில் அவர் நாயகனானபோது வயது ஐம்பதைத் தாண்டி வெகுநாளாகியிருந்தது. அந்தப் படம் கான் திரைப்பட விழாவில் தங்கப் பனை விருது பெற்றது. அதில், பிரிந்துபோன மனைவி கண்ணாடிக்கு அப்பால் அமர்ந்திருக்கிறாள்; அவளுக்கு இவர் தெரியமாட்டார், இவருக்கு அவள் தெரிவாள். இவரோ நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அவளுக்கு முதுகைக் காட்டியபடி, தொலைபேசியில் தங்கள் கதையைச் சொல்லத் தொடங்குகிறார். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் சட்டகத்தின் ஓரத்தில் நின்று பிறர் பேசுவதைக் கேட்டுப் பழகியவரால்தான் இவ்வளவு அடக்கமாக அதைச் செய்ய முடிந்தது என்பது என் உறுதியான எண்ணம்.

பதில் 2 (பாலக்காடு):
நாம் குணச்சித்திர நடிகர் என்பதை மலையாளத்தில் சுவபாவ நடன் என்பார்கள். எனக்கு உடனே நினைவுக்கு வந்தவர் ஒடுவில் உண்ணிகிருஷ்ணன். நூற்றுக்கணக்கான படங்களில் துணை வேடங்களில் வந்தவருக்கு, அடூர் கோபாலகிருஷ்ணனின் ‘நிழல்குத்து’ (2002) படத்தில் திருவிதாங்கூர் அரசின் ஆராச்சாராக (தூக்குத் தண்டனையை நிறைவேற்றுபவராக) நடுநாயக வேடம் கிடைத்தது. மாநில அரசின் சிறந்த நடிகர் விருதும் கிடைத்தது. ஸ்டான்டன், உண்ணிகிருஷ்ணன் இருவருக்கும் இசையில் தேர்ச்சி இருந்தது. உண்ணிகிருஷ்ணன் மிருதங்கம் வாசித்தார். ஸ்டான்டன் பாடினார், ஹார்மோனிகா வாசித்தார்.

பதில் 3 (சித்தூர்):
ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். ஸ்டான்டன் 2017 செப்டம்பரில், 91ஆம் வயதில் காலமானார். அவர் நாயகனாக நடித்த ‘லக்கி’ அதே மாத இறுதியில் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது. அதை இயக்கிய ஜான் கரோல் லிஞ்சும் ஒரு குணச்சித்திர நடிகரே.

கேட்டவர்:
மிக்க நன்றி, ஐயா. ‘நின்றுவிட்டார்’ என்று எழுதியது என் பிழைதான். வாசகசாலைப் பொறுப்பாளரிடம் ‘பாரிஸ், டெக்சாஸ்’, ‘நிழல்குத்து’ இரண்டையும் அடுத்தடுத்த ஞாயிறுகளில் திரையிடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.