ஸ்லீவ் செய்தும் எடை ஏறிவிட்டது, இரண்டாவது ஆபரேஷன் தேவையா?

கோவை மீனா:
2019-ல் ஸ்லீவ், அதாவது எடை குறைக்க இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் ஆபரேஷன், செய்துகொண்டேன். 118 கிலோவிலிருந்து 79 வரை இறங்கி, இப்போது மறுபடி 101. உயரம் 162 செ.மீ. சர்க்கரை இல்லை. ஆனால் நெஞ்செரிச்சல் தாங்கவில்லை, தலையை உயர்த்தி வைத்துத்தான் தூங்க முடிகிறது. அதை இரைப்பை பைபாஸாக (உணவு குடலின் முதல் பகுதியைத் தாண்டிப் போகும்படி இரைப்பையைக் குடலோடு இணைப்பது) மாற்றிவிடலாம் என்கிறார் மருத்துவர். வீட்டில், "ஒரு தடவை வயிற்றைக் கிழித்தது போதாதா?" என்கிறார்கள். உங்கள் கருத்து என்ன?

சேலம் செந்தில்:
வேண்டாம் அக்கா. ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்கையே எடுத்துவிட்டார்கள். அதற்கப்புறமும் எடை ஏறியதென்றால் கோளாறு இரைப்பையில் இல்லை. ஜூஸ், ஐஸ்கிரீம், மிக்சர் எல்லாம் எவ்வளவு சின்ன இரைப்பையிலும் இறங்கிவிடும். பைபாஸ் செய்தாலும் அதே வாய்தானே? இரண்டாவது தடவை உள்ளே பழைய தழும்பு ஒட்டிக்கொண்டு கிடக்கும். கசிவும் ரத்தப்போக்கும் முதல் தடவையைவிட அதிகம் வர வாய்ப்பு உண்டு. 2025-ல் மவுன்ஜாரோ, வெகோவி என்ற எடை குறைக்கும் ஊசிகள் இரண்டும் இந்தியாவுக்கு வந்தாயிற்று. முதலில் ஊசியைப் பாருங்கள்.

நெல்லை வாணி:
"அதே வாய்தானே" என்று சொல்ல எவ்வளவு சுலபமாக இருக்கிறது பாருங்கள்! எடை குறைந்தால் பசியைக் கூட்டி, செலவழிக்கும் சக்தியைக் குறைத்து, பழைய எடைக்கே இழுப்பது உடம்பின் இயல்பு. அதை நாக்கின் குற்றமாக்காதீர்கள். நானும் ஸ்லீவிலிருந்து பைபாஸுக்கு மாறியவள்தான். மீனா எழுதியதில் பாதியை நீங்கள் படிக்கவே இல்லை செந்தில். அவர் நெஞ்செரிச்சல் என்கிறார். ஸ்லீவ் இரைப்பையைக் குறுகிய குழாயாக்கிவிடுகிறது, உள்ளே அழுத்தம் கூடி அமிலம் மேலே ஏறுகிறது. பின்லாந்தின் ஸ்லீவ்பாஸ் ஆய்வில் 10 ஆண்டுகள் கழித்து எண்டோஸ்கோப்பி பார்த்தார்கள். உணவுக்குழாய் அழற்சி ஸ்லீவ் செய்தவர்களில் 31 சதவீதம், பைபாஸ் செய்தவர்களில் 7 சதவீதம். இதற்கு ஊசி என்ன செய்யும்? அது இரைப்பை காலியாவதையே தாமதப்படுத்தும் மருந்து.

சேலம் செந்தில்:
நெஞ்செரிச்சலுக்கு மாத்திரை இருக்கிறது. மாத்திரைக்கு அடங்காதபோது கத்தியை எடுக்கலாம். எடை விஷயத்துக்கு வருகிறேன். ஆபரேஷனுக்குப் பிறகும் எடை சரியாகக் குறையாதவர்களுக்கு லண்டனில் 24 வாரம் லிராகுளுடைட் என்ற இதே வகை ஊசி கொடுத்துப் பார்த்தார்கள். 8.8 சதவீத எடை குறைந்தது, வெற்று ஊசி போட்டவர்களுக்கு அரை சதவீதம்தான். அது பழைய மருந்து, இப்போது வருபவை அதைவிட வலுவானவை.

நெல்லை வாணி:
நிறுத்தினால்? வெகோவியில் இருக்கும் செமாகுளுடைட் மருந்தை நிறுத்தியவர்களுக்கு ஒரே வருடத்தில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. ஆயுள் முழுக்க மாதாமாதம் அந்தச் செலவை யார் பார்ப்பது? நீங்கள் அனுப்பி வைப்பீர்களா?

இன்சூரன்ஸ் முருகன்:
செலவு என்றதால் உள்ளே வருகிறேன். மீனா மேடம், உங்கள் பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) சுமார் 38.5. இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ விதிப்படி எடைக்குறைப்பு ஆபரேஷனுக்குப் பணம் கிடைக்க 40 வேண்டும். 35-க்கு மேல் என்றால் இதய நோய், கடுமையான தூக்க மூச்சடைப்பு, கட்டுப்படாத சர்க்கரை மாதிரி ஏதாவது கூடவே இருக்க வேண்டும். நெஞ்செரிச்சல் அந்தப் பட்டியலில் இல்லை. உணவுக்குழாய்ப் பாதிப்புக்காகத்தான் ஆபரேஷன் என்றால் எண்டோஸ்கோப்பி ரிப்போர்ட்டோடு முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். அட்மிஷன் போட்ட பிறகு சண்டை போட்டுப் பயனில்லை.

பத்மா (ஓய்வுபெற்ற நர்ஸ்):
எல்லாரும் பைபாஸ் பைபாஸ் என்கிறீர்களே, எந்த பைபாஸ் என்று ஒருவரும் கேட்கவில்லை. இங்கே மினி பைபாஸ் நிறைய செய்கிறார்கள். இரைப்பைக்கும் குடலுக்கும் நடுவே ஒரே இணைப்பு, சீக்கிரம் முடியும். ஆனால் அதில் பித்தநீர் இரைப்பைக்குள் வரலாம். ஏற்கெனவே நெஞ்செரிச்சல் உள்ளவருக்கு இரண்டு இணைப்பு போடும் ரூ-என்-ஒய் முறைதான் பொருத்தம். அதற்கும் முன்னால் எண்டோஸ்கோப்பி, பேரியம் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். ஸ்லீவ் விரிந்திருக்கிறதா, முறுக்கிக்கொண்டதா, உதரவிதானத்தில் ஹெர்னியா இருக்கிறதா என்பதெல்லாம் அதில்தான் தெரியும். பைபாஸுக்குப் பிறகு பி12, இரும்புச்சத்து, கால்சியம் ஆயுசுக்கும் எடுக்க வேண்டும். மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக் போடும் பழக்கம் இருந்தால் இப்போதே சொல்லிவிடும்மா. இணைப்பில் புண் வந்துவிடும்.

கோவை மீனா:
ஃபைலில் மினி பைபாஸ் என்றுதான் எழுதியிருக்கிறது, பத்மாம்மா! எண்டோஸ்கோப்பியும் 2022-ல் எடுத்ததுதான். மூட்டு வலி மாத்திரை அவ்வப்போது போடுகிறேன், அதைப் பற்றி யாரும் கேட்கவே இல்லை.

நெல்லை வாணி:
அப்படியானால் வேறொரு சர்ஜனிடம் போய்க் காட்டுங்கள் மீனா. பைபாஸ் வேண்டும் என்றுதான் இன்னமும் சொல்கிறேன், ஆனால் இவரிடம் வேண்டாம்.

சேலம் செந்தில்:
இதில் மட்டும் வாணி அக்கா கட்சி. அமிலம் உணவுக்குழாயை அரித்திருந்தால் செய்துகொள்ளுங்கள். வெறும் எடைக்காக என்றால் என் பதில் இப்போதும் ஊசிதான்.