மஞ்சள் வராமல் காக்கியாகிவிட்ட கம்பளி நூல்

கம்பளிக்குச் செடிச் சாயம் போட்டுப் பழகியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அரிசோனாவில் வைட் ரூயின்ஸ் என்ற ஊர்ப் பக்கத்து நவஹோ பழங்குடியினர் நெய்த விரிப்புகளைப் பார்த்ததிலிருந்து எனக்கும் ஆசை. அந்த மஞ்சளும் வால்நட் தோலின் பழுப்பும் கண்ணிலேயே நிற்கின்றன.

செப்டம்பரில் ராபிட்பிரஷ் (மஞ்சள் சாயம் தரும் ஒரு புதர்ச் செடி) பூ பறித்து, ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு வடிகட்டி, சாயம் பிடிப்பதற்காகப் படிகாரத்தில் ஊறிய சுர்ரோ இனச் செம்மறியாட்டு நூலைப் போட்டேன். மஞ்சளா வந்தது? பாசி பிடித்த மாதிரி ஒரு காக்கிப் பச்சை! கொதிக்க வைத்தது இரும்புச் சட்டியில் (வீட்டில் வேறு பெரிய பாத்திரம் இல்லை). இரும்பு பட்டால் சாயம் மங்கும் என்று தெரியும், ஆனால் இவ்வளவா? இல்லை, இலையும் காம்பும் சேர்ந்து விழுந்ததாலா?

அடுத்த முறை எனாமல் பாத்திரம்தான். அரை கிலோ நூலுக்குப் படிகாரம் எவ்வளவு போடுவீர்கள்? அப்புறம், இந்தக் காக்கி நூலை வால்நட் சாயத்தில் முக்கினால் தேறுமா?