பிளாஸ்மா உருண்டைக்குள் வளையாத லேசர் மெழுகுதிரிக்கு மேல் ஏன் ஆடுகிறது?

பச்சைக்கதிர் (வெள்ளவத்தை):

எல்லோருக்கும் வணக்கம். நான் உயர்தரம் கணிதப் பிரிவில் படிக்கிறேன். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கிய ஒரு பிளாஸ்மா உருண்டையும் (உள்ளே ஊதா மின்னிழைகள் ஓடும் கண்ணாடி உருண்டை) ஒரு பச்சை லேசரும் (532 நனோமீற்றர்) என்னிடம் இருக்கின்றன. எங்கள் மாடிவீட்டு நடைவழி நல்ல நீளம். இரவில் விளக்குகளை அணைத்துவிட்டு, லேசரை மரக்கட்டையில் இறுக்கிக் கட்டி, உருண்டைக்குள் நடு மின்வாய்க்குச் சற்று மேலாகப் போகவிட்டேன். எதிர்ச் சுவரில் வரைபுத்தாள் ஒட்டி, புள்ளி விழும் இடத்தைப் பென்சிலால் குறித்தேன். உருண்டையை ஓன் செய்தாலும் ஓஃப் செய்தாலும் புள்ளி அசையவில்லை. ஊதா இழை கதிரைக் குறுக்கே வெட்டும்போதுகூட அசையவோ மங்கவோ இல்லை.

அதே இடத்தில் மெழுகுதிரி வைத்தால் கதை வேறு. சுடருக்கு ஒரு சாண் மேலே கதிர் போனாலே புள்ளி துள்ளுகிறது, நீள்கிறது. சுடரும் ஒருவகைப் பிளாஸ்மா (அணுக்களிலிருந்து இலத்திரன்கள் பிரிந்து திரியும் வாயு) என்று வாசித்திருக்கிறேன். அப்படியானால் ஒரு பிளாஸ்மா ஒளியை வளைக்கிறது, மற்றது தொடுவதே இல்லையா? பிளாஸ்மா ஒளியை ஏதாவது செய்வதைக் கண்ணால் பார்க்க வழி இருக்கிறதா?

பழைய ஆய்வுகூடம் (கொட்டாஞ்சேனை):

தம்பி, ஓன், ஓஃப் என்று ஒப்பிட்டுப் பார்த்தாயே, அதுதான் சரியான முறை. உன் இரண்டு அவதானங்களும் சரியானவை. ஆனால் மெழுகுதிரியில் புள்ளியை ஆட்டுவது பிளாஸ்மா இல்லை, சூடான காற்று. சுடருக்கு ஒரு சாண் மேலே சுடரே இல்லையே!

கணக்கைப் பார்ப்போம், ஏனென்றால் இதில் எண்கள்தான் எல்லாவற்றையும் சொல்கின்றன. ஒவ்வொரு பிளாஸ்மாவுக்கும் ஒரு சொந்த மீடிறன் (ஒரு செக்கனில் நடக்கும் அதிர்வுகளின் எண்ணிக்கை) உண்டு. ஒரு கனமீற்றரில் உள்ள சுயாதீன இலத்திரன்களின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் எடுத்து 9ஆல் பெருக்கினால் அது ஹேர்ட்ஸில் வரும். அதைவிடக் குறைந்த மீடிறனுள்ள அலை பிளாஸ்மாவுக்குள் நுழைய முடியாமல் திரும்பிவிடும். மிக உயர்ந்த மீடிறனுள்ள அலை, பிளாஸ்மா இருப்பதே தெரியாதமாதிரிப் போய்விடும்.

உதாரணத்துக்கு ரியூப் லைட்டை எடுத்துக்கொள். உள்ளே ஒரு கனமீற்றருக்குச் சுமார் 10¹⁷ முதல் 10¹⁸ வரை இலத்திரன்கள். பெரிய எண்ணையே எடுத்தாலும் 9 ஜிகாஹேர்ட்ஸ்தான். உன் பச்சை ஒளியோ 5,60,000 ஜிகாஹேர்ட்ஸ். இலத்திரன்களால் முறிவுச் சுட்டி (ஒரு ஊடகம் ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதைக் காட்டும் எண்) 1ஐ விடக் குறையும், ஆனால் ஆயிரம் கோடியில் ஏறக்குறைய ஒரு பங்குதான் குறையும். இந்தக் காற்றை 30 பாகையிலிருந்து 60 பாகைக்குச் சூடாக்கினால் மட்டும் முறிவுச் சுட்டி லட்சத்தில் இரண்டு மூன்று பங்கு மாறும். அதாவது சூடு செய்யும் மாற்றம் இரண்டு லட்சம் மடங்கு பெரியது. மெழுகுதிரி வென்றது அதனால்தான். பச்சை ஒளியைத் திருப்பி அனுப்ப வேண்டுமானால் கனமீற்றருக்கு 4 × 10²⁷ இலத்திரன்கள் வேண்டும். அறைக் காற்றில் உள்ள மூலக்கூறுகளே 2.5 × 10²⁵தான். ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் இலத்திரனைப் பிடுங்கினாலும் கிட்டக்கூட வராது.

சரி, அப்போது கண்ணால் பார்க்க என்ன இருக்கிறது? சுயாதீன இலத்திரனை விட்டுவிடு, அணுவுக்குள் கட்டுண்ட இலத்திரனைப் பிடி. அது தனக்குரிய நிறத்தை மட்டும் விழுங்கும், ஆனால் நன்றாக விழுங்கும். உங்கள் பாடசாலையில் திருசியமானிச் செய்முறைக்கு வைத்திருக்கும் சோடியம் ஆவி விளக்கைக் கேட்டு வாங்கு. ஏற்றியதும் சிவப்பாக எரியும், சில நிமிடத்தில் மஞ்சளாகும். அதுவரை பொறு. அதன் முன்னே பன்சன் சுடரடுப்பு, அதற்குப் பின்னால் வெள்ளைக் கடதாசி. சுடர் கடதாசிக்குக் கிட்ட இருக்கட்டும். முதலில் வெறும் சுடரைப் பார், நிழல் என்று சொல்ல எதுவும் இருக்காது. பிறகு கறியுப்பில் தோய்த்த இரும்பு வலைத்துண்டைச் சுடரின் ஓரத்தில் பிடி.

கடதாசியில் சுடருக்குக் கறுத்த நிழல் விழும். பளிச்சென்று மஞ்சளாக எரியும் நெருப்புக்கு நிழல்! சுடரில் உள்ள சோடிய அணுக்கள் விளக்கிலிருந்து வரும் 589.0, 589.6 நனோமீற்றர் ஒளியை உறிஞ்சி எல்லாத் திசையிலும் திருப்பி வீசுகின்றன, அதனால் கடதாசிக்குப் போகவேண்டியது குறைகிறது. விளக்கை எடுத்துவிட்டு வெள்ளை டோர்ச் அடித்துப் பார், அந்த நிழல் இருக்காது. 1814இல் ஜேர்மன் விஞ்ஞானி பிரவுன்ஹோபர் சூரிய ஒளியில் கண்ட கறுப்புக் கோடுகளில் இந்தச் சோடியக் கோடுகளும் உண்டு. 1859இல் ஹைடெல்பெர்க்கில் கிர்ச்சோப் என்ற விஞ்ஞானி சூரிய ஒளியை உப்புச் சுடர் வழியாக அனுப்பியபோது கோடு இன்னும் கறுத்தது. சூரியனில் சோடியம் இருக்கிறது என்று அவர் அதிலிருந்துதான் சொன்னார். நான் எத்தனையோ வகுப்புகளுக்கு இந்த விளக்கை ஏற்றிக் கொடுத்திருக்கிறேன், அந்த நிழல் விழுகிற நேரம் பிள்ளைகள் எல்லோரும் மேசையைச் சுற்றி நெருங்கி வந்துவிடுவார்கள்.

பச்சைக்கதிர்:

மிக்க நன்றி ஐயா. சோடியம் விளக்கு பாடசாலையில் இருக்கிறது, சேரிடம் கேட்கிறேன். விடுமுறையில் கிடைக்காவிட்டால் மஞ்சள் தெருவிளக்கை வைத்துச் செய்யலாமா?

பழைய ஆய்வுகூடம்:

நிழலுக்கு அது உதவாது. தெருவிளக்கு உயர் அழுத்தச் சோடியம். அதற்குள்ளேயே நடுவில் உள்ள சூடான ஆவி விடும் ஒளியை, சுவரோரம் இருக்கும் குளிர்ந்த ஆவி விழுங்கிவிடுகிறது. சுடருக்கு வேண்டிய அந்த நிறமே வெளியே வருவதில்லை. ஆனால் அதையே ஒரு பரிசோதனையாக்கலாம். எல்.ஈ.டி ஆக மாற்றப்படாத விளக்கு ஒன்று உன் தெருவில் இருந்தால், பழைய டீவீடியில் அதன் ஒளியைச் சரித்துப் பார். ஒடுங்கிய பிளவு வைத்த அட்டைப்பெட்டி இருந்தால் இன்னும் தெளிவு. மஞ்சள் பட்டைக்கு நடுவே ஒரு கறுப்பு வெட்டு தெரியும், சரியாக 589இல்.

சிற்றலை நேயர் (மட்டக்குளி):

ஐயா சொன்ன 9 × வர்க்கமூலம் என்ற அந்தக் கணக்கை வானத்துக்கும் போட்டுப் பாருங்கள் தம்பி. அயன மண்டலத்தின் (உயரத்தில் சூரிய ஒளியால் பிளாஸ்மாவான காற்றுப் பகுதி) மேற்படையில் பகலில் கனமீற்றருக்குச் சுமார் 10¹² இலத்திரன்கள். வருவது 9 மெகாஹேர்ட்ஸ். சாய்வாகப் போகும் அலை என்றால் அதற்கு மேலும் திரும்பும். கொழும்பிலிருந்து போன இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையைத் தமிழ்நாட்டில் வீடு வீடாகச் சிற்றலையில் கேட்டார்களே, அந்த அலையைக் கீழே திருப்பிவிட்டது பிளாஸ்மாதான். 100 மெகாஹேர்ட்ஸ் எஃப்.எம் அலை அதைத் துளைத்துக்கொண்டு மேலே போய்விடும்.

உங்களுக்கு லேசரே தேவையில்லை. மத்திய அலை எடுக்கும் பழைய ரேடியோ ஒன்று போதும். காலி முகத்திடலில் மாலை ஐந்து மணிபோல உட்கார்ந்து, முள்ளை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாக நகர்த்திக் கேட்கும் நிலையங்களை எழுதுங்கள். பொழுது பட்டு ஒன்றிரண்டு மணித்தியாலம் கழித்துத் திரும்பவும் எழுதுங்கள். பகலில் இல்லாத தூரத்து இந்திய நிலையங்கள் வரத் தொடங்கியிருக்கும். பகலில் சூரியனின் புறஊதா ஒளியும் எக்ஸ் கதிரும் 60 முதல் 90 கிலோமீற்றர் உயரத்தில் ஒரு தாழ்ந்த படையை அயனாக்குகின்றன. அங்கே காற்று அடர்த்தி என்பதால் இலத்திரன்கள் மூலக்கூறுகளோடு அடிக்கடி மோதி, ரேடியோ அலையின் சக்தியைச் சூடாக்கி வீணாக்கிவிடும். சூரியன் போனதும் அந்தப் படை கலைந்துவிடும், அலை மேற்படைவரை போய்த் திரும்பி வரும். ஒளி பிளாஸ்மாவை உண்டாக்குகிறது, பிளாஸ்மா அலையை விழுங்குகிறது. இரண்டையும் கடற்கரையில் இருந்தபடி காதால் கேட்கலாம்.

வீட்டில் ரேடியோவைப் பிளாஸ்மா உருண்டைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம், உருண்டையின் இரைச்சல்தான் கேட்கும்.

பழைய ஆய்வுகூடம்:

நல்ல யோசனை, நேயர். தம்பி, அந்த லேசரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மலிவான பச்சை லேசர்களில் 1064, 808 நனோமீற்றர் அகச்சிவப்பும் சேர்ந்து வரலாம். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் விழித்திரையைச் சுடும். உருண்டையின் வளைந்த கண்ணாடியில் தெறிக்கும் கதிர் எங்கே போகிறது என்று முதலில் பார்த்து, அந்தப் பக்கம் ஒரு கறுப்பு அட்டை வை. நடைவழியில் லேசர் முகமட்டத்துக்குக் கீழே இருக்கட்டும், சின்னப் பிள்ளைகள் உள்ள வீடு என்றால் அவர்கள் தூங்கிய பிறகு செய். உப்புச் சுடர் செய்முறையை சேர் பக்கத்தில் இருக்கும்போது செய். நிழலைப் படம் எடுக்கும்போது கைபேசியின் ஒளியளவைக் கையால் குறைத்து வை, தானாக விட்டால் நிழல் வெளிறிவிடும்.