புதுப்பிப்பு: மதுராந்தகம் பக்கத்து 2 ஏக்கர், சம்பாவுக்கு என்ன செய்தோம்

தாம்பரத்தில் இருந்துகொண்டு அப்பாவின் நிலத்தை யூரியாவைக் குறைத்துப் பயிர் செய்ய முடியுமா என்று ஜூனில் இங்கே கேட்டிருந்தேன். மடக்கி உழுதால் மண்ணில் மட்கித் தழைச்சத்து தரும் பசுந்தாள் உரச் செடியான தக்கைப்பூண்டை முதலில் விதைக்கச் சொன்னீர்கள். ஆடியில் ஏக்கருக்கு 20 கிலோ விதைத்தோம். இடுப்பு உயரம் வந்து பூவெடுத்ததும், 45 நாளில் மடக்கி உழுதோம். முற்றவிட்டால் தண்டு நாராகி மட்கத் தாமதமாகும் என்று அப்பா அவசரப்படுத்தியது சரிதான்.

நெல் ரகம் தேர்வுதான் பெரிய விவாதம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பூ மாட்டினால் மணி பிடிக்காது, பதர்தான் மிஞ்சும். அதனால் அறுவடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டோம். பொங்கல் சமயத்தில் அறுப்பு என்றால், அதற்கு 30 நாள் முன்னால், மார்கழி பிறக்கும்போது பூக்க வேண்டும். 130 நாள் ரகத்துக்கு ஆவணியில் நாற்று விடுவது பொருந்தியது.

ஒரு வருத்தம். கடையில் வாங்கிய விதை பாதிகூட முளைக்கவில்லை. அப்புறம் பக்கத்து நிலத்து அண்ணனிடம் நெல் வாங்கி, முட்டை மிதக்கும் அளவு உப்பு கரைத்த தண்ணீரில் போட்டு, மிதந்த பதரை அள்ளிவிட்டு, நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி விதைத்தோம். நாற்று அவ்வளவு ஒரே சீராக வந்தது! கடை விதையையும் முதலிலேயே கொஞ்சம் ஈரத்துணியில் கட்டி முளைப்பு பார்த்திருக்க வேண்டும்.

புரட்டாசியில் நட்டாயிற்று. யூரியா இன்னும் போடவில்லை, இலை பச்சையாகவே இருக்கிறது. வடிகால் வாய்க்காலை இந்த ஞாயிறு தூர் வாருகிறோம். மழைக்குப் பிறகு படத்தோடு வருகிறேன்.