ரோடு போட டீசல் வரியை இன்னும் ஏற்றினால் ஒத்துக்கொள்வீர்களா?

குட்டியானை_பாலக்கோடு:

வணக்கம். பாலக்கோட்டில் குட்டியானை (சின்ன லோடு வண்டி) வைத்து ஓட்டுகிறேன். வருடம் முழுக்கத் தக்காளி லோடு, சீசனில் மாங்காய் ஏற்றிக்கொண்டு கிருஷ்ணகிரி பக்கம் மாங்கூழ் ஃபேக்டரிகளுக்குப் போவேன். எங்கள் ஊரில் இருந்து மெயின் ரோடு வரும்வரை தார் என்று ஒன்றும் மிச்சம் இல்லை, ஜல்லி மேலே வந்து கிடக்கிறது. எவ்வளவு மெதுவாக உருட்டினாலும் அடிப்பெட்டித் தக்காளி நசுங்கிவிடும், மண்டியில் இறக்கும்போதே சாறு சொட்டும், ஏலம் விடுபவர் அந்தப் பெட்டிகளைத் தனியாக ஒதுக்கி வேறு விலை போடுவார், குறைந்த காசை விவசாயி என் வாடகையில் பிடிப்பார். அவரையும் குறை சொல்ல முடியாது, பல நாள் அவருக்குப் பறிகூலியே கட்டுவதில்லை.

விஷயம் என்னவென்றால், எங்கள் சித்தப்பா சொல்கிறார், லிட்டருக்கு இன்னும் ஒரு ரூபாய் ஏற்றி அந்தக் காசில் ரோடு போடட்டுமே, டயரும் ஸ்பிரிங் பட்டையும் மிச்சம் ஆகுமே என்று. எனக்கு மனசு ஒப்பவில்லை. ஏற்கெனவே டீசல் போடும்போதெல்லாம் ரோட்டுக்கு என்று கொடுத்துக்கொண்டுதானே இருக்கிறோம்? எவ்வளவு கொடுக்கிறோம், அது எங்கே போகிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எதிர்ப்பது சரியா தப்பா என்று அப்புறம் பேசலாம்.

ஓசூர்_கணக்கர்:

தம்பி, இதைப் பெரும்பாலும் யாரும் பிரித்துச் சொல்வதில்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பெட்ரோலுக்கு லிட்டருக்கு ஒரு ரூபாய் என்று ரோட்டுக்கான செஸ், அதாவது குறிப்பிட்ட செலவுக்கென்றே வாங்கும் கூடுதல் வரி, 1998-ல் தொடங்கியது, அடுத்த வருடம் டீசலுக்கும் வந்தது. 2000-ல் மத்திய சாலை நிதிச் சட்டம் போட்டார்கள், அதில் டீசல் செஸ்ஸில் பாதி கிராமச் சாலைக்கு என்றே ஒதுக்கியிருந்தது. 2018-ல் சட்டத்தைத் திருத்தி 'சாலை மற்றும் உள்கட்டமைப்பு நிதி' ஆக்கினார்கள். ரயில், மின்சாரம், குடிநீர் என்று பலதும் அந்தப் பையில் சேர்ந்தது.

2020 மே மாதம் ஞாபகம் இருக்கும், ஊரடங்கு, கச்சா எண்ணெய் விலை தரைமட்டம். அப்போது விலை குறையும் என்று பார்த்தால் மத்திய வரியை டீசலுக்கு 13 ரூபாயும் பெட்ரோலுக்கு 10 ரூபாயும் ஏற்றினார்கள். அதில் ரோடு செஸ் மட்டும் இரண்டுக்கும் 8 ரூபாய். ஏற்கெனவே இருந்த 10 ரூபாயோடு சேர்த்து ரோட்டின் பெயரில் மட்டும் லிட்டருக்கு 18 ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்தோம். 2021 நவம்பரிலும் 2022 மே மாதத்திலும் குறைத்த பிறகு அது டீசலில் 2 ரூபாய், பெட்ரோலில் 5 ரூபாய் என்று வந்து நின்றது. ஆனால் மொத்த மத்திய வரி 2025 ஏப்ரல் உயர்வுக்குப் பிறகு டீசலில் 17.80, பெட்ரோலில் 21.90 என்று ஆனது. மாநிலங்களுக்குப் பங்கு கொடுக்க வேண்டிய அடிப்படை வரி இதில் டீசலுக்கு 1.80, பெட்ரோலுக்கு 1.40 மட்டும்தான். மீதி எல்லாம் செஸ், சர்சார்ஜ் என்ற பெயரில் இருப்பதால் பங்குக்கே வராது. செஸ் பணத்தில் கொஞ்சம் மாநிலச் சாலைகளுக்கு வருகிறது, ஆனால் எந்தச் சாலை என்பதற்கு டெல்லி ஒப்புதல் வேண்டும்.

அதற்கு மேல் தமிழ்நாட்டு வாட் வரி, டீசலுக்கு 11 சதவீதமும் லிட்டருக்கு 9.62 ரூபாயும். இது மாநிலத்தின் பொதுக் கணக்குக்குப் போகிறது, ரோட்டுக்கு என்று தனி உண்டியல் கிடையாது. 2021 ஆகஸ்ட் பட்ஜெட்டில் பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைத்தார்கள், டீசலுக்குக் குறைக்கவில்லை.

இன்னொன்று, நம் மாவட்டத்துக்கே உரியது. ஓசூரைத் தாண்டிக் கர்நாடக எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளியில் டீசல் மலிவு. கர்நாடகா 2024 ஜூனிலும் 2025 ஏப்ரலிலும் ஏற்றிய பிறகும்கூட நம் பக்கத்தைவிடக் குறைவாகத்தான் இருந்தது. பெங்களூர் போய்வரும் லாரி எதுவும் ஓசூரில் டேங்க் நிரப்பாது. இங்கே இன்னும் ஒரு ரூபாய் ஏற்றினால் பெரிய லாரிக்காரர் அங்கே போட்டுக்கொள்வார், அந்த ரூபாயைக் கொடுப்பது மாநில எல்லையைத் தாண்டாத நீங்கள்தான்.

முன்னாள்_சைட்_சூப்பர்வைசர்:

நான் தம்பியின் சித்தப்பா பக்கம், கோபித்துக்கொள்ள வேண்டாம். ரோடு வேலையிலேயே காலம் போனவன். தார் என்பதே கச்சா எண்ணெயில் இருந்து வருவது, எண்ணெய் விலை ஏறினால் தார் விலையும் கூடவே ஏறும். மேல்தளத்தில் வெடிப்பு விட்டு மழைத்தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டால் ஒரே மழைக்காலத்தில் அடித்தளம் போய்விடும், அதன்பிறகு ஒட்டுப்போட்டுப் பிரயோஜனம் இல்லை, தோண்டித்தான் போட வேண்டும். அந்த வெடிப்பை அந்த வருடமே அடைக்க ஆகும் செலவு சின்னது. ஆனால் புது ரோட்டுக்குக் கிடைக்கும் பணம் பராமரிப்புக்குக் கிடைப்பதில்லை. வரி வேண்டாம் என்கிறவர்கள் இந்தப் பணம் வேறு எங்கிருந்து வரும் என்றும் சொல்ல வேண்டும். ஓட்டாதவன் தலையில் கட்டுவதைவிட, அதிகம் ஓட்டுகிறவன் அதிகம் கொடுப்பதுதான் எனக்கு நியாயமாகப் படுகிறது.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். போச்சம்பள்ளியில் ஓலா, ஓசூரில் ஏத்தர் என்று மின்சார ஸ்கூட்டர் நம் மாவட்டத்திலேயே தயாராகிறது. அந்த வண்டிகளும் அதே ரோட்டில்தான் ஓடும், பெட்ரோல் வரி ஒரு பைசா கொடுக்காது. போகப்போக வாங்க வசதி இல்லாதவன்தான் பெட்ரோல் வண்டியோடு நிற்பான். ரோட்டுச் செலவு முழுவதையும் அவன் தலையில் வைப்பது நியாயம் இல்லை.

குட்டியானை_பாலக்கோடு:

ஐயா, அதிகம் ஓட்டுகிறவன் கொடுக்கட்டும் என்பது சரிதான். ஆனால் நான்கு வழிச்சாலையில் ஏறினால் எனக்கு டோல் தனியாகப் போகிறது. கிருஷ்ணகிரியிலும் கொடுக்கிறேன், தொப்பூர் பக்கம் போனால் அங்கேயும் கொடுக்கிறேன். டீசலிலும் கொடுத்து, ஃபாஸ்டேகிலும் கொடுத்து, வண்டிக்கு வரியும் கட்டி, கடைசியில் எந்தச் சாலையில் என் வண்டி உடைகிறதோ அதற்கு மட்டும் காசு இல்லை என்கிறார்கள். பைக்குக்கும் டிராக்டருக்கும் டோல் கிடையாது, ஆனால் எரிபொருள் வரி உண்டு. உழவு ஓட்டுகிற டிராக்டர் வயலுக்குள்தானே டீசலை எரிக்கிறது, அது எந்த ரோட்டைத் தேய்த்தது?

மலையடிவாரம்:

பென்னாகரம் பக்கத்தில் இருந்து எழுதுகிறேன். எங்கள் மலை ஊர்களில் உடம்பு முடியாதவர்களைத் தூளி கட்டித்தான் இறக்குகிறோம். கோட்டூர் மலைக்குத் தேர்தல் சமயத்தில் ஓட்டு மெஷினைக் கழுதை மேல் ஏற்றிப் போனதை எல்லோரும் டிவியில் பார்த்திருப்பீர்கள். இங்கே பணம் ஒரு தடைதான், ஆனால் பல ஊருக்கு அது முதல் தடை இல்லை. வழி காட்டுக்குள் போகிறது, அனுமதிக்கான ஃபைல் ஒரு மேஜையில் இருந்து இன்னொரு மேஜைக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. 2006 வன உரிமைச் சட்டத்தில் பிரிவு 3(2) என்று ஒன்று இருக்கிறது. ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வனநிலம், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக்கூடாது, கிராம சபை பரிந்துரை வேண்டும், இவ்வளவுதான், ரோடு, பள்ளிக்கூடம், குடிநீர்க் குழாய் எல்லாவற்றுக்கும் வழி இருக்கிறது. மத்திய அரசின் கிராமச் சாலைத் திட்டமான பி.எம்.ஜி.எஸ்.ஒய்.-யில் மலைப்பகுதிக்கு 250 பேர் என்று கணக்கு வைத்தார்கள், அதற்கும் குறைவான குக்கிராமங்கள் வெளியே நின்றுவிட்டன. டீசலுக்குப் பத்து ரூபாய் ஏற்றினாலும் இந்த ஃபைல் நகராது. எங்களைக் காட்டி வரி ஏற்றாதீர்கள் என்றுதான் கேட்டுக்கொள்கிறேன்.

கிருஷ்ணகிரி_டு_கலிஃபோர்னியா:

ஊர் காவேரிப்பட்டணம், வேலை அமெரிக்காவில். இதே சண்டை இங்கேயும் உண்டு. இங்கே மத்திய அரசின் பெட்ரோல் வரி கேலனுக்கு 18.4 சென்ட், 1993-க்குப் பிறகு ஏற்றவே இல்லை, ஏற்ற எந்தக் கட்சிக்கும் தைரியம் இல்லை.

மாநில அளவில் நடந்த இரண்டு ஓட்டெடுப்பைப் பாருங்கள். மிச்சிகனில் 2015 மே மாதம் ரோட்டுக்காக என்று விற்பனை வரியை ஏற்றக் கேட்டார்கள். அதோடு பள்ளி நிதி, இன்னும் ஏதேதோ சேர்த்துக் கட்டிக் கொடுத்ததால் 80 சதவீதம் பேர் வேண்டாம் என்று குத்தினார்கள், அத்தனைக்கும் அங்கே ரோடு படுமோசம். கலிஃபோர்னியாவில் 2017-ல் கேலனுக்கு 12 சென்ட் ஏற்றினார்கள், ஒரே கூச்சல், ரத்து செய்யச் சொல்லி 2018 நவம்பரில் ஓட்டுக்கு வந்தது. ஆனால் அந்த ஜூனிலேயே இன்னொரு ஓட்டெடுப்பு வைத்து, இந்தப் பணத்தைப் போக்குவரத்து தவிர வேறு எதற்கும் தொடக்கூடாது என்று மாநில அரசியல் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். நவம்பரில் வரியை ரத்து செய்யும் முயற்சி தோற்றது. பூட்டுப் போட்ட பெட்டி என்று தெரிந்தால் ஜனங்கள் போடுகிறார்கள். நம் ஊரில் பூட்டு 2018-ல் திறந்துவிட்டது, கணக்கர் அண்ணா மேலே எழுதியிருக்கிறார். மறுபடி பூட்டாமல் ஒரு ரூபாய்கூட ஏற்ற விடக்கூடாது என்பதுதான் என் கருத்து.

முன்னாள்_சைட்_சூப்பர்வைசர்:

பூட்டு விஷயம் சரி. பராமரிப்புக்கு என்றே தனிக் கணக்கு, மாவட்டம் வாரியாக வரவு செலவு வெளியிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால்தான் ஏற்றலாம். அது இல்லாமல் என்றால் நானும் எதிர்க்கத்தான் செய்வேன்.

ஓசூர்_கணக்கர்:

தம்பி, முதலில் உங்கள் ஊர் ரோடு யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். மாவட்ட இதர சாலை என்றால் நெடுஞ்சாலைத் துறை, ஊராட்சி ஒன்றியச் சாலை என்றால் பி.டி.ஓ. ஆபீஸ். பி.எம்.ஜி.எஸ்.ஒய். பெயர்ப்பலகை ஓரத்தில் நின்றால் முடித்த தேதியைப் படியுங்கள், ஐந்து வருடத்துக்குள் என்றால் ரிப்பேர் செய்து கொடுக்க வேண்டிய பொறுப்பு கான்ட்ராக்டருடையது, அதற்கென்று புது வரி எதுவும் தேவையில்லை.

குட்டியானை_பாலக்கோடு:

பலகை இருக்கிறது அண்ணா, மேலே போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள். நாளைக்கு லோடு இறக்கிவிட்டுத் திரும்பும்போது கிழித்துப் பார்த்துவிட்டுத் தேதியைப் போடுகிறேன். ஐந்து வருடம் தாண்டியிருந்தால் அடுத்த கிராம சபையில் தீர்மானமாகக் கொண்டுவர எப்படி எழுதுவது என்று யாராவது ஒரு மாதிரி கொடுங்கள்.