சின்ன ஹைடெக் தொழிலுக்கு ஆய்வு மானியம்: காரைக்குடி பக்கத்து அனுபவங்கள்

செக்காலைக்காரன்:

சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வகம்) இருக்கிற ஊர் என்பதால் மின்கலம், துருத்தடுப்புப் பூச்சு, சென்சார் என்று ஏதாவது ஒன்றைக் கையில் வைத்திருக்கும் பிள்ளைகள் நம் பக்கம் அதிகம். மானியம் என்றதும் "எதில் தொகை அதிகம்" என்றுதான் கேட்கிறார்கள். எதை முதலில் வாங்குவது என்பதே முக்கியம். ஒன்றை வாங்கினால் இன்னொன்று கிடைக்காமல் போகும்.

மத்திய அரசின் ஸ்டார்ட்அப் இந்தியா விதைநிதியை எடுத்துக்கொள்ளுங்கள். கருத்துச் சோதனைக்கும் முன்மாதிரிக்கும் 20 லட்சம் வரை மானியம். விண்ணப்பிக்கும் நாளில் கம்பெனி பதிந்து 2 ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. வேறு மத்திய, மாநிலத் திட்டங்களில் 10 லட்சத்துக்கு மேல் பணம் வாங்கியிருக்கவும் கூடாது. போட்டிப் பரிசு, சலுகை வாடகை இடம், ஆய்வகத்தைப் பயன்படுத்தும் வசதி போன்றவை இந்தப் பத்தில் சேராது. முன்மாதிரி செய்ய மத்திய அரசு தரும் நிதி-பிரயாஸ் மானியம் அதிகபட்சம் 10 லட்சம். அதை மட்டும் வாங்கினால் தப்பித்தீர்கள். அதோடு தமிழக அரசின் டான்சீட் 10 லட்சத்தையும் வாங்கிவிட்டு விதைநிதிக்குப் போனால் முதல் சல்லடையிலேயே நிற்கும். டான்சீட்டில் 3 சதவீதப் பங்கும் கொடுக்க வேண்டும், அதனால் அதைக் கடைசியில் வைப்பதுதான் சரி.

பிரயாஸுக்குத் தனிநபராகவே விண்ணப்பிக்கலாம். அந்த முன்மாதிரி தேறும் வரை கம்பெனி பதியாமல் இருந்தால் விதைநிதியின் 2 ஆண்டுக் கடிகாரமும் ஓடாது. உற்சாகத்தில் முதல் மாதமே பிரைவேட் லிமிடெட் பதிந்து, பிரயாஸ் முடிவதற்குள் அந்த 2 ஆண்டைத் தின்றுவிடுவதுதான் இங்கே அடிக்கடி நடப்பது. விதைநிதி 2021ல் 4 ஆண்டுக்கென்று அறிவிக்கப்பட்ட திட்டம், ஆகவே இப்போது தளத்தில் விண்ணப்பம் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மற்றதைத் திட்டமிடுங்கள்.

அப்பா பெயரில் ஓடும் தனியுரிமைக் கடைக்கு உத்யம் (சிறுதொழில்) பதிவு கிடைக்கும், விதைநிதிக்கு வேண்டிய டிபிஐஐடி (மத்திய தொழில் ஊக்குவிப்புத் துறை) ஸ்டார்ட்அப் அங்கீகாரம் கிடைக்காது. பிரைவேட் லிமிடெட், எல்.எல்.பி., பதிவுபெற்ற கூட்டு நிறுவனம் போன்றவற்றுக்குத்தான். இருக்கிற தொழிலைப் பிரித்து உருவாக்கிய கம்பெனியும் தகுதி பெறாது.

புதுவயல் தம்பி:

அண்ணே, சிவகங்கை மாவட்டத் தொழில் மையத்தில் நீட்ஸ் திட்டத்தில் 25 சதவீதம் தருகிறார்களே, அதை வைத்து ஆய்வைத் தொடங்க முடியாதா?

செக்காலைக்காரன்:

முடியாது தம்பி. அது வங்கிக் கடனோடு வரும் முதலீட்டு மானியம். எந்திரம் போட்டு உற்பத்தி தொடங்குபவருக்கு. பொருள் தயாரான பிறகு அங்கே போங்கள்.

கோட்டையூரான்:

விண்ணப்பத்தில் பெரும்பாலும் உடைவது மைல்கல் அட்டவணை. தவணைப் பணம் மைல்கல்லைத் தொட்டால்தான் வரும், அதனால் அங்கே எழுதும் ஒவ்வொரு சொல்லும் பணம். "பூச்சின் தரத்தை மேம்படுத்துதல்" என்று எழுதினால் முடிந்ததா இல்லையா என்று யாரும் சொல்ல முடியாது. "150 × 100 மி.மீ. மென்எஃகுத் தகடு, 80 மைக்ரான் பூச்சு, ஏ.எஸ்.டி.எம். பி117 உப்புமூட்டச் சோதனையில் 500 மணி நேரம், கீறலில் இருந்து துரு பரவல் 2 மி.மீ.க்குள்" என்று எழுதினால் மதிப்பீட்டாளருக்கு வேலை மிச்சம்.

அடுத்து நேரக் கணக்கு. 500 மணி நேரம் என்றால் கிட்டத்தட்ட 21 நாள், 1000 மணி நேரம் 42 நாள். கலவையை ஒருமுறை மாற்றினால் மறுபடி முதலில் இருந்து. ஆய்வகத்தில் சோதனைக் கூண்டுக்கு வரிசை வேறு. பூச்சு தயாரிக்கும் நாளை மட்டும் எண்ணி, சோதிக்கும் நாளை எண்ணாமல் "முதல் காலாண்டில் முடியும்" என்று எழுதினால் இரண்டாம் தவணை தள்ளிப்போகும்.

சோதனை தோற்பதற்கும் பல நேரம் பூச்சு காரணமில்லை. பி117 என்ற அந்த உப்புமூட்டச் சோதனை விதியில் உப்புக்கரைசல் 5 சதவீதம், கூண்டு வெப்பம் 35 டிகிரி, சேகரித்த கரைசலின் பி.எச். 6.5 முதல் 7.2, தகடு செங்குத்திலிருந்து 15 முதல் 30 டிகிரி சாய்வு. தகட்டின் ஓரத்தை மெழுகாலோ டேப்பாலோ அடைக்காமல் அனுப்பினால் துரு ஓரத்தில் தொடங்கி உள்ளே ஏறும், அறிக்கையில் பூச்சு தோற்றதாகவே வரும். ஒரு கலவைக்கு குறைந்தது 3 தகடு அனுப்புங்கள், பூச்சில்லாத தகடு ஒன்றும் கூடவே.

இன்னொன்று, உப்புமூட்டத்தில் தேறியது கடற்கரையில் தேறும் என்று சொல்லவே முடியாது. வெயிலும் ஈரமும் மாறி மாறி அடிப்பது அந்தக் கூண்டுக்குள் இல்லை. நேர்காணலில் இதைக் கட்டாயம் கேட்பார்கள். சிக்ரிக்கு மண்டபத்தில் கடலோரத் துருச் சோதனை நிலையம் இருக்கிறது. அதுபோன்ற இடத்தில் திறந்தவெளித் தகடுகளை மானியம் வருவதற்கு முன்பே வைத்துவிட வேண்டும். விண்ணப்பம் பரிசீலனைக்கு வரும்போது கையில் சில மாதத் தரவு இருக்கும்.

மின்கலக்காரர்களுக்கு இதைவிட மோசம். 1சி வேகத்தில் ஏற்ற ஒரு மணி, இறக்க ஒரு மணி, கடைசி மெதுவான ஏற்றமும் இடைவெளியும் சேர்த்தால் ஒரு சுழற்சிக்கு 3 மணி நேரம் பிடிக்கும். 1000 சுழற்சி என்றால் 125 நாள், மின்வெட்டே இல்லாமல். ஒரு செல்லுக்குச் சோதனைக் கருவியில் ஒரு சேனல், ஆகவே 5 செல் சோதிக்க 5 சேனல். "6 மாதத்தில் 1000 சுழற்சி நிரூபணம்" என்று எழுதியவர் செல் தயாரிக்கத் தமக்கு 2 மாதம்கூட விட்டுவைக்கவில்லை. 300 சுழற்சியில் கொள்ளளவு எவ்வளவு மிச்சம் என்று முதல் மைல்கல், 1000 கடைசியில்.

பள்ளத்தூர் ஆச்சி:

கோட்டையூரான் ஆய்வகத்தைச் சொன்னதால் அதன் மறுபக்கம். ஆய்வகத்தோடு எந்த வகை ஒப்பந்தம் போடுகிறீர்கள் என்பது காப்புரிமை யாருக்கு என்பதைத் தீர்மானிக்கும். மாதிரியைக் கொடுத்து அறிக்கை வாங்கும் சோதனைச் சேவை வேறு, விஞ்ஞானி உட்கார்ந்து உங்களோடு கலவையை மாற்றும் கூட்டு ஆய்வு வேறு. இரண்டாவதில் பிறக்கும் கண்டுபிடிப்பில் அவர்களுக்கும் பங்கு கேட்பது நியாயம். எனவே ஏற்கெனவே உங்களிடம் என்ன இருந்தது என்பதைத் தேதியோடு காட்டத் தற்காலிகக் காப்புரிமை விண்ணப்பம் ஒன்றை முதலில் தாக்கல் செய்துவிடுங்கள். தனிநபர், ஸ்டார்ட்அப், சிறுநிறுவனத்துக்கு இணையவழிக் கட்டணம் 1,600 ரூபாய்தான், மற்றவர்களுக்கு 8,000. ஸ்டார்ட்அப் அல்லது சிறுநிறுவனமாகச் சலுகை கேட்டால் படிவம் 28ம் சான்றும் இணைக்க வேண்டும். 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பு கொடுக்காவிட்டால் தற்காலிகமானது செத்துவிடும். பரிசீலனைக் கோரிக்கை தானாக நடக்காது, அதற்குப் படிவம் 18, தனிக் கட்டணம்.

பிரயாஸைத் தனிநபராக வாங்கியவர்கள் காப்புரிமை விண்ணப்பமும் தங்கள் பெயரிலேயே போட்டிருப்பார்கள். பிறகு கம்பெனி தொடங்கும்போது உரிமை மாற்றப் பத்திரம் எழுதி, காப்புரிமை அலுவலகத்திலும் பதிய வேண்டும். விதைநிதி நேர்காணலில் "கம்பெனியிடம் என்ன இருக்கிறது" என்று கேட்டால் காட்டக் காகிதம் இல்லாமல் விழிப்பது இதனால்தான்.

கல்லூரிப் பேராசிரியரோடு சேர்ந்து செய்பவர்கள், கட்டுரை வெளியாகும் தேதியையும் மாணவரின் ஆய்வேடு இணையத்தில் ஏறும் தேதியையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தாக்கலுக்கு முன் வெளிவந்தால் புதுமை போச்சு.

தேவகோட்டை ஆடிட்டர்:

ஐந்தொகை போட்டே வளர்ந்த ஊர் நம்முடையது, ஆனாலும் மானியக் கணக்கில் சறுக்குகிறோம். ஏனென்றால் இங்கே லாபநட்டம் முக்கியமில்லை, எந்தத் தலைப்பில் செலவு செய்தீர்கள் என்பதே கேள்வி. உபகரணத்துக்கு ஒதுக்கியதை மூலப்பொருளுக்கு மாற்ற வேண்டுமானால் முன்கூட்டியே எழுத்துமூல அனுமதி. செலவழித்துவிட்டு அனுமதி கேட்டால் அது உங்கள் கைக்காசு.

தனி வங்கிக் கணக்கு வையுங்கள். பில் திட்டத்தின் பெயரில் அல்லது கம்பெனி பெயரில் இருக்க வேண்டும். அவசரத்துக்கு மகன் கார்டில் ஆன்லைனில் வாங்கிய சென்சாருக்கு வந்த பில்லைத் தள்ளிவிடுவார்கள். ஒப்புதல் தேதிக்கு முந்தைய பில்லும் செல்லாது. பட்ஜெட்டில் ஜி.எஸ்.டி. 18 சதவீதத்தை விட்டுவிட்டு வெறும் விலையைப் போட்டவர்கள், 4 லட்சம் கருவிக்கு 72 ஆயிரத்தைத் தேடி அலைவார்கள். இறக்குமதி என்றால் சுங்கமும் சரக்குக் கூலியும் வேறு.

பணம் எதற்குச் செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றை ஜி.எஃப்.ஆர். (பொது நிதி விதிகள்) 12-ஏ படிவத்தில் கேட்டால் வங்கி அறிக்கையோடு ரூபாய் கணக்கில் ஒத்துப்போக வேண்டும். அந்தச் சான்று ஏற்கப்பட்டு அடுத்த தவணை வர மாதக்கணக்கில் ஆகலாம். மூன்று மாதச் சம்பளத்துக்கும் வாடகைக்கும் மானியத்துக்கு வெளியே கையில் பணம் இல்லாதவர் முதல் தவணையைத் தொட வேண்டாம் என்பது என் கருத்து. கம்பெனிக்கு வரும் மானியத்துக்கு வருமான வரி உண்டா என்பதை வாங்குவதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள். உபகரணத்துக்கு வந்ததை அதன் விலையில் கழிப்பதும் மற்றதை வருமானத்தில் காட்டுவதும் வேறு வேறு.

புதுவயல் தம்பி:

பணம் கணக்கில் கிடக்கும்போது வரும் வட்டியை நாம் எடுத்துக்கொள்ளலாமா?

தேவகோட்டை ஆடிட்டர்:

கூடாது. 2017 பொது நிதி விதிகளில் 230(8)ன்படி மானியத்தின் வட்டி மத்திய அரசின் தொகுப்பு நிதிக்கே திரும்ப வேண்டும். இன்குபேட்டர் (புதுத் தொழில்களை வளர்த்துவிடும் மையம்) வழியாக வந்த பணம் என்றால் ஒப்பந்தத்தில் வட்டிப் பிரிவு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நிரந்தர வைப்பில் போட்டு அதிக வட்டி பார்க்கலாம் என்ற யோசனையும் வேண்டாம், பயன்பாட்டுச் சான்றில் வட்டியைக் காட்டவென்றே தனி இடம் இருக்கிறது.