பிக்கப் கன்டெய்னருக்கு வினைல் ஸ்டிக்கர் ஒட்ட எவ்வளவு ஆச்சு? ஒட்டியவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

மசாலா வண்டி (திண்டுக்கல்):

எங்களுக்கு மசாலாப் பொடி வியாபாரம். லைனுக்குப் போகும் பொலேரோ பிக்கப்பில் கன்டெய்னர் கட்டியிருக்கிறோம். 8 அடி நீளம், 5 அடி அகலம், 6 அடி உயரம். இரண்டு பக்கமும் சேர்த்து 96 சதுர அடி, பின்கதவு 30, கேபினுக்கு மேலே தெரியும் நெற்றிப் பட்டையையும் சேர்த்தால் சுமாராக 135. முழுக்கப் பிரிண்ட் போட்டு ஒட்ட மூன்று இடத்தில் ரேட் கேட்டேன். உள்ளூரில் சதுர அடி 45 ரூபாய். மதுரையில் 120. கோவையில் 245. ஒரே வண்டிக்கு 6,000, 16,000, 33,000! ஜி.எஸ்.டி. 18 சதவீதம் தனி.

மூன்று பேரிடமும் ஒட்டப்போகிற ஷீட்டில் ஒரு துண்டு கேட்டு வாங்கினேன். கன்டெய்னர் மூலையில் வரிசையாக ரிவெட் இருக்கிறது. அதன் மேலேயே மூன்றையும் ஒட்டிப் பார்த்து, வண்டியை வெயிலில் நிறுத்திவிட்டேன். 45 ரூபாய் துண்டு ரிவெட்டைச் சுற்றிக் கூடாரம் மாதிரி தூக்கிக்கொண்டது. 120 ரூபாய் துண்டு சமமான இடத்தில் கெட்டியாக நின்றது. ரிவெட்டைச் சுற்றி மட்டும் மெல்லிசாக ஒரு வெள்ளை வளையம் விட்டது. 245 ரூபாய் துண்டு, ஹீட் கன் காட்டி அழுத்தியதும் ரிவெட் தலையோடு படிந்துவிட்டது. விரலால் தடவினால் காற்று நின்ற இடமே தெரியவில்லை.

இவ்வளவு பார்ப்பதற்குக் காரணம் எங்கள் குட்டியானை. அதற்கு ஒரு கடையில் ஒட்டியபோது "அஞ்சு வருஷம் அசையாது" என்று சொல்லித்தான் காசு வாங்கினார்கள். முதல் கோடையிலேயே ஓரமெல்லாம் சுருங்கிவிட்டது. ஷீட் பின்வாங்கிய இடத்தில் கம் மட்டும் நிற்க, ரோட்டுப் புழுதி அதில் ஏறி, ஒவ்வொரு எழுத்தையும் சுற்றிக் கறுப்புக் கோடு. மிளகாய்த்தூள் படத்தின் சிவப்பு வெளுத்து ரோஸ் கலராகிவிட்டது. கடைக்காரர் அதற்குப் பிறகு போனையே எடுக்கவில்லை. நாங்கள் விற்பது சாப்பாட்டுப் பொருள். வண்டி அழுக்காக வந்து நின்றால் மளிகைக் கடைக்காரர் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். யார் எவ்வளவு கொடுத்தீர்கள், எத்தனை வருஷம் நின்றது?

ஸ்டிக்கர் கடை (ஈரோடு):

அண்ணா, அந்த மூன்று ரேட்டும் மூன்று வேறு பொருளுக்கு. உருளைகளுக்கு நடுவே அழுத்தி, இழுத்துச் செய்கிற ஷீட் காலண்டர்டு. இழுத்துச் செய்த பொருள் வெயில் பட்டால் பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும். உங்கள் குட்டியானையில் நடந்தது அதுதான். அதிலேயே மோனோமெரிக் மலிவு, பாலிமெரிக் ஓரளவு தாங்கும். காஸ்ட் என்பது குழம்பாக ஊற்றி, பரப்பி, காயவைத்து எடுப்பது. இழுபடாமல் உருவானதால் சுருங்குவது மிகக் குறைவு. காஸ்ட் 50 மைக்ரான் அளவில்தான் இருக்கும், காலண்டர்டு 70 முதல் 100 வரை. கடைக்கு வருகிற பாதிப் பேர் தடியாக இருப்பதைத் தொட்டுப் பார்த்து "இதான் நல்ல ஷீட்" என்கிறார்கள். வண்டி வேலையில் மெல்லிசுதான் வளைவுக்கு வளைந்து கொடுக்கும்.

கம்பெனிப் பெயரை மட்டும் கேட்டால் போதாது. 3எம் என்று சொன்னால் அதிலேயே காலண்டர்டும் இருக்கிறது, காஸ்டும் இருக்கிறது. பெட்டியில் ஐ.ஜே.180 என்று இருந்தால் காஸ்ட். ஐ.ஜே.40 என்றால் காலண்டர்டு. ரோல் பிரிப்பதற்கு முன்னால் பெட்டியைக் காட்டச் சொல்லுங்கள், நம்பரை பில்லில் எழுதச் சொல்லுங்கள். பிரிண்டைக் காக்க மேலே ஒட்டுகிற லேமினேஷன் ஷீட்டும் காஸ்டுக்குக் காஸ்ட்தான் போட வேண்டும். அடியில் காஸ்ட் போட்டு மேலே மலிவு லேமினேஷன் ஒட்டினால், மேல் ஷீட் சுருங்கும்போது அடி ஷீட்டையும் சேர்த்து இழுத்துவிடும்.

இன்னொன்று, அவசரம். இன்றைக்கே வேண்டும் என்று நிற்பார்கள். எக்கோ சால்வென்ட் இங்கில் (கரைப்பான் கலந்த மை) அடித்த பிரிண்ட் குறைந்தது ஒரு நாளாவது காற்றாட விரிந்து கிடக்க வேண்டும். ஈரம் போகாமல் லேமினேஷன் போட்டால் அந்த சால்வென்ட் உள்ளேயே மாட்டிக்கொண்டு கம்மை இளக்கிவிடும். ஓரம் சுருண்டு வருவதற்குப் பாதிக் காரணம் இது.

எங்களிடம் ஒரு பேக்கரி வண்டி வந்தது. நெளித்தகடு கன்டெய்னர். டேப்பை நேராகப் பிடித்தால் 8 அடி. பள்ளத்துக்குள் இறக்கி இறக்கி அளந்தால் 10 அடிக்குப் பக்கத்தில் வந்தது. காஸ்ட் போட்டு ஒவ்வொரு பள்ளமாகச் சூடு காட்டி இறக்க வேண்டும், கடைசியில் 90 டிகிரிக்கு மேல் மறுபடி சூடு கொடுக்க வேண்டும். இல்லையென்றால் பள்ளத்திலிருந்து எழும்பிவிடும். கூலியே ஏறிப்போகும். அவர்களுக்குக் கட்டுப்படி ஆகவில்லை. நெளியின் மேல் சமமான அலுமினியத் தகடு அடித்து, அதில் பாலிமெரிக் ஒட்டிக் கொடுத்தோம். தகடு, கூலி எல்லாம் சேர்த்தே காஸ்டை விடக் குறைவாக முடிந்தது. இன்னும் நன்றாக ஓடுகிறது.

நாமக்கல்காரன்:

ஒட்டற செலவு எல்லாரும் கேக்கறாங்க, உரிக்கற செலவை யாரும் கேக்கறதில்லீங்க. நம்ம 19 அடி ஐச்சர் ஒண்ணு ஒரு கம்பெனிக்கு ஒப்பந்தத்துல ஓடுச்சு. அவங்களே அவங்க செலவுல முழு கன்டெய்னருக்கும் ஸ்டிக்கர் ஒட்டுனாங்க. ஒப்பந்தம் முடிஞ்சதும் "பேரை எடுத்துட்டு வண்டியை ஓட்டிக்கங்க"ன்னு ஒரே வார்த்தை. ரெண்டு மூணு கோடை தின்ன மலிவு ஷீட்டுங்க. இழுத்தா நகம் அளவுக்குத் துண்டு துண்டாத்தான் வருது. ரெண்டு பசங்க ஹீட் கன்னும் பிளேடும் வெச்சுக்கிட்டு நாள் முழுக்க உரிச்சு ஒரு பக்கம்கூட முடியல. அப்புறம் கம்மை எடுக்க தின்னர். எப்.சி.க்கு, அதான் வண்டி தகுதிச் சான்றுக்குப் பட்டி பாத்து ரீபெயிண்ட் அடிச்ச இடத்துல பெயிண்டும் சேர்ந்து பேந்து வந்துருச்சு. உரிக்க, கம் எடுக்க, பெயிண்ட் அடிக்க எல்லாஞ் சேத்து 22,000 நம்ம கையை விட்டுப் போச்சு. வண்டி நின்ன நாளுக்கு வாடகை நட்டம் வேற.

அதுக்கப்புறம் எந்தக் கம்பெனி வந்தாலும் உரிக்கற செலவு யாருதுன்னு ஒப்பந்தத்துல எழுதுனாத்தான் கையெழுத்துங்க. ஒப்பந்த வண்டி வெச்சிருக்கறவங்க தயவு செஞ்சு இதை விட்டுடாதீங்க. ஒட்டி ஓட்டற வரைக்கும் அவங்க விளம்பரம், உரிக்கறப்ப மட்டும் நம்ம வண்டியான்னு கேக்கறதுக்கு நமக்கு உரிமை இருக்குது.

வெள்ளை தோஸ்த் (ஓசூர்):

மசாலா அண்ணா, முழுக்க மூட வேண்டிய அவசியம் என்ன? என்னுடையது வாட்டர் கேன் சப்ளை. வெள்ளை வண்டி, அந்த வெள்ளையையே பின்னணியாக வைத்துக்கொண்டேன். கம்பெனிப் பெயரும் நம்பரும் பெரிய கட்டிங் எழுத்தில், பக்கத்துக்கு ஒரு நீல அலை. மொத்தம் 4,500 ரூபாய். சிக்னலில் நிற்கும்போது பின்னால் வருகிறவர் நம்பரைத்தான் படிக்கிறார்.

உங்கள் அளவுக்கே கணக்குப் போடலாம். ரிவெட் வரிசைக்கு உள்ளேயே டிசைனை நிறுத்திவிடுங்கள். நான்கு ஓரத்திலும் அரை அடி விட்டால் பக்கத்துக்கு 7 அடிக்கு 5 அடி. இரண்டு பக்கமும் 70 சதுர அடி. பின்கதவில் தாழ்ப்பாளுக்கு மேலே 4 அடிக்கு 3 அடி, அது 12. மொத்தம் 82. மதுரை ரேட்டில் 10,000க்குள் முடிந்துவிடும், ஜி.எஸ்.டி. தனி. ரிவெட்டே குறுக்கே வராததால் அந்த ஷீட் போதும்.

எப்.சி. விஷயமும் பார்த்துக்கொள்ளுங்கள். முன்னால் வெள்ளை, பக்கத்தில் மஞ்சள், பின்னால் சிவப்பு ரிப்ளெக்டர் டேப்பின் மேல் வினைல் ஏறக்கூடாது. ஓனர் பெயர், யு.எல்.டபிள்யூ. (காலி வண்டி எடை), ஜி.வி.டபிள்யூ. (சரக்கோடு மொத்த எடை) எழுதியிருக்கும் இடத்தையும் மூடாதீர்கள். கேபினையும் சேர்த்து வேறு நிறத்துக்கு மாற்றினால் ஆர்.சி.யில் நிறம் மாற்ற ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போக வேண்டியிருக்கும். கேபின் கண்ணாடிப் பக்கம் போகவே வேண்டாம். கண்ணாடியில் பிலிம் ஒட்டுவதற்கு உச்ச நீதிமன்றம் 2012லேயே தடை போட்டுவிட்டது.

மசாலா வண்டி (திண்டுக்கல்):

82 சதுர அடி கணக்கு மனசுக்குப் பிடித்திருக்கிறது தம்பி, அப்படியே செய்கிறேன். நாமக்கல் அண்ணன் சொன்னதைப் படித்தபிறகு பெயிண்ட் பற்றித்தான் கவலை. கன்டெய்னருக்கு இப்போதுதான் புதுசாக வெள்ளை அடித்திருக்கிறோம். உடனே ஒட்டலாமா?

ஸ்டிக்கர் கடை (ஈரோடு):

வேண்டாம் அண்ணா. தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே சால்வென்ட் இருக்கும். மேலே ஷீட் ஒட்டி அதை அடைத்தால் குமிழ் குமிழாகக் கிளம்பும், உரிக்கும்போது பெயிண்ட் கூடவே வரும். மூன்று நான்கு வாரம் வெயிலில் ஓடட்டும். ஒட்டுகிற அன்றைக்கு வாட்டர் வாஷ், பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைக்கச் சொல்லுங்கள். கதவுக் கீல் பக்கம் ரெண்டு தடவை துடைக்கச் சொல்லுங்கள், கிரீஸ் கசிந்து முதலில் தூக்குவது அங்கேதான். ஒட்டி முடித்து முதல் இரண்டு நாள் தண்ணீர் பிரஷர் காட்ட வேண்டாம்.